‘நோ டிஸ்க்’ என்று எழுதும் புது டிவிடி பிளேயர்: பழுது எங்கே, வாரண்டியை விட்டுக்கொடுக்காமல் திருத்துவது எப்படி

நீங்கள் கேட்டது இதுதான், தங்கச்சி. திருகோணமலை நகரத்தில் ஒரு கடையில் புது டிவிடி பிளேயர் வாங்கி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. ஒரு வருட வாரண்டி அட்டை கையில் இருக்கிறது. பழைய பாட்டு இறுவட்டுகளும் (சிடி) விசிடியும் ஓடுகின்றன. டிவிடி போட்டால் ‘லோடிங்’ என்று நின்றுவிட்டுப் பிறகு ‘நோ டிஸ்க்’ என்று எழுதுகிறது. மகளின் சாமத்திய வீட்டு டிவிடி முதலில் இடையிடையே உறைந்தது, இப்போது தொடங்குவதே இல்லை. கடைக்குக் கொண்டுபோனால், “லென்ஸில் தூசி, அது வாரண்டிக்குள் வராது, கொழும்புக்கு அனுப்பவேண்டும், காசு கட்டவேண்டும்” என்கிறார்கள். அத்தானோ “நானே கழற்றித் துடைத்துத் தருகிறேன்” என்கிறார். இதோடு மூதூரில் அம்மா வீட்டுப் பழைய பிளேயரும் பழுது: விளக்கு மின்னுகிறது, தட்டு வெளியே வருவதில்லை. அதன் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

அத்தானிடம் முதலில் சொல்லுங்கள், புதுச் செட்டின் மூடியில் கை வைக்கவே வேண்டாம் என்று. அவருக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது மூதூர்ச் செட்டில். புதுச் செட்டில் செய்யவேண்டியதை நீங்களே செய்யலாம். ஒரு கொப்பித் தாளும் பேனையும் வீட்டிலுள்ள நாலைந்து டிஸ்க்கும் போதும். எந்த டிஸ்க் ஓடுகிறது, எது ஓடவில்லை, எந்த இடத்தில் நின்றது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள்தான் பழுதைக் காட்டும், கடையில் உங்கள் பக்கம் நிற்பதும் அதுதான். நான் திருத்துகிற மேசையில் இருப்பவன். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லிக் கொண்டுவந்து வைக்கும் செட்டுக்கு யாரும் எந்தக் காரணத்தையும் சொல்லிவிடலாம். ‘விசிடி ஓடுகிறது, பென்டிரைவ் ஓடுகிறது, டிவிடி மட்டும் இல்லை’ என்று எழுதிக் கொண்டுவரும் செட்டுக்கு அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது.

பாதிச் சோதனையை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். பிளேயருக்குள் டிஸ்க்கைப் படிக்கும் பகுதியை நாங்கள் ‘ஹெட்’ என்போம். அதில் லென்ஸ் ஒன்று, ஆனால் லேசர் இரண்டு. இறுவட்டையும் விசிடியையும் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். பெரும்பாலான ஹெட்டுகளில் இரண்டு கதிரும் அந்த ஒரே லென்ஸ் வழியாகப் போய், டிஸ்க்கில் பட்டு, அதே வழியே திரும்பி வருகின்றன. இறுவட்டில் தகவல் வரிகளுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. டிவிடியில் அது 0.74 மைக்ரோமீட்டர்தான். ஆகவே டிவிடிக்கு எல்லாமே இரண்டு மடங்குக்கு மேல் நுணுக்கமாக அமைய வேண்டும்.

விசிடி முழுதாக ஓடுகிறது என்றால் மின்வழங்கி சரி, தட்டைத் தள்ளும் மோட்டர் சரி, ஹெட்டை உள்ளிருந்து வெளியே நகர்த்தும் தண்டவாளமும் மோட்டரும் சரி, படத்தை டிவிக்கு அனுப்பும் போர்டும் சரி. மிச்சம் மூன்று இடம். லென்ஸில் அழுக்கு இருக்கலாம். சிவப்பு லேசர் தளர்ந்திருக்கலாம். அல்லது டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டர் டிவிடி வேகத்துக்கு ஏறாமல் இருக்கலாம். இறுவட்டு நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கி வெளி ஓரத்துக்குப் போகும்போது 200 ஆகக் குறையும். டிவிடியோ உட்பக்கத்தில் ஏறத்தாழ 1,400 சுற்று. களைத்த மோட்டர் இறுவட்டை ஓட்டிவிட்டு டிவிடியில் திணறும். அப்படியானால் காதில் கேட்கும்: டிஸ்க் சுற்றத் தொடங்கி, வேகம் பிடிக்காமல் உரசி, நின்று, மறுபடி முயலும். சத்தம் சீராக ஏறி, பிறகு படிக்க முடியாமல் ‘நோ டிஸ்க்’ என்று நின்றால் மோட்டரை விட்டுவிட்டு ஹெட்டைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது தூசிக் கதைக்கு வருவோம். கடைக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. லென்ஸ் ஒன்றுதான் என்பதால் தூசி இரண்டு கதிரையும் மறைக்கும், ஆனால் டிவிடி நுணுக்கமானது என்பதால் முதலில் அடிபடுவது அதுதான். நம்மூரில் லென்ஸ் மங்குவதும் உண்மை. கடற்காற்றின் உப்பீரம் ஒரு பக்கம், வைகாசி ஆனியில் கச்சான் காற்று கொண்டுவரும் மணல் தூசி மறுபக்கம். சாமிப்படத்துக்குக் கீழேயே டிவி மேசை இருக்கும் வீடுகளில் சாம்பிராணிப் புகை லென்ஸில் எண்ணெய்ப் பசைபோலப் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் காலம் வேண்டும். மூடிய பெட்டிக்குள் இரண்டு மாதத்தில் டிவிடியே ஓடாத அளவுக்கு லென்ஸ் மறைவது மிக அரிது.

அதைவிட முக்கியம், தூசி என்பது துடைத்தால் போகிற விஷயம். மூடியைக் கழற்றி, ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் லென்ஸை மெல்லத் துடைத்து மூடுவது சேவை நிலையத்தில் நிமிடக் கணக்கான வேலை. ஆகவே கடையில் சண்டை போடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “துடைத்துப் பார்த்தீர்களா? துடைத்த பிறகு டிவிடி ஓடியதா?” ஓடியது என்றால் சந்தோஷம், செட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஓடவில்லை என்றால் அது தூசி இல்லை, உதிரிப்பாகப் பழுது. உதிரிப்பாகப் பழுதுக்குத்தானே வாரண்டி? துடைக்கவே இல்லை என்றால், தூசி என்று எப்படித் தெரிந்தது என்று அவர்தான் சொல்லவேண்டும்.

இன்றிரவு செய்யவேண்டிய சோதனை இவ்வளவுதான். முதலில் ஒரு பென்டிரைவில் பாட்டோ படமோ போட்டு முன்பக்க யூஎஸ்பியில் செருகுங்கள். பென்டிரைவ் ‘ஃபாட் 32’ முறையில் இருந்தால் நல்லது, பல பிளேயர்கள் வேறு முறையைப் படிக்காது. அது சுத்தமாக ஓடினால் டிஸ்க் படிக்கும் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கம்பனியில் அச்சடித்த ஒரிஜினல் படம் ஒன்றைப் போடுங்கள், முடிந்தால் இரண்டு: ஒன்று 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு, மற்றது 8.5 ஜிபி இரட்டை அடுக்கு. ஒற்றை அடுக்கு டிவிடி தன்மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 வீதத்தைத் திருப்பி அனுப்பும். இரட்டை அடுக்கு 18 முதல் 30 வீதம்தான் அனுப்பும். லேசர் தளரத் தொடங்கும்போது முதலில் கைவிடுவது இரட்டை அடுக்கை, பிறகு வீட்டில் எழுதிய டிஸ்க்கை, கடைசியில் நல்ல ஒற்றை அடுக்கு ஒரிஜினலை. உங்கள் டிஸ்க்குகள் இந்த வரிசையில் கைவிட்டிருந்தால், அதாவது ஆரம்பத்தில் சிலது ஓடி, நாளாக ஆக ஒவ்வொன்றாக நின்றிருந்தால், என் சந்தேகம் முழுக்க சிவப்பு லேசர்மேல்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. எந்த மாதம் எது நின்றது என்று நினைவிலிருந்தாவது எழுதுங்கள்.

உறைகிற டிஸ்க் எப்போதும் ஒரே நிமிடத்தில் உறைகிறதா என்றும் பாருங்கள். ஒரே இடம் என்றால் குற்றம் டிஸ்க்கில். ஒவ்வொரு தடவையும் வேறு இடம் என்றால் பிளேயரில். ஒற்றை அடுக்கு டிஸ்க் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது, ஆகவே படத்தின் கடைசிப் பகுதி வெளி ஓரத்தில் இருக்கிறது. விரல் அடையாளம் அதிகம் படிவதும் அங்கேதான். துடைப்பதென்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். வட்டக் கீறல் ஒரே வரியை நீளத்துக்கு அழித்துவிடும். குறுக்குக் கீறலைப் பிளேயர் கணக்குப் போட்டுத் தாண்டிவிடும். பெற்றோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் வெந்து வெளுத்துப்போகும். இரட்டை அடுக்குப் படத்தில் நடுவில் ஒரு கணம் நின்று தொடர்வது அடுக்கு மாறும் இடம், அதைப் பழுதென்று எழுதாதீர்கள்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த ஒரிஜினல் டிஸ்க்கைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். டிஸ்க்கும் பிளேயரும் எந்த நாடுகளுக்கு உரியவை என்று காட்டும் எண்ணை வலயம் என்போம்: கனடாவுக்கு வலயம் 1, பிரித்தானியாவுக்கு 2, நமக்கு 5. வலயம் பொருந்தாவிட்டால் நல்ல பிளேயரும் மறுக்கும், அதைக் கடையில் காட்டினால் உங்கள் வாதம்தான் கெடும். படம் கறுப்பு வெள்ளையாக வருவது, மேலும் கீழும் உருள்வது எல்லாம் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவிப் பட முறைகளின் அமைப்பு அல்லது கேபிள் செருகிய இடம் சம்பந்தப்பட்டது. ‘நோ டிஸ்க்’குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாமத்திய வீட்டு டிஸ்க்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த முழு விஷயத்திலும் திரும்பக் கிடைக்காத பொருள் அது ஒன்றுதான். பிளேயரை மாற்றலாம், ஹெட்டை மாற்றலாம். வீடியோக்காரர் எழுதிக் கொடுக்கும் டிஸ்க்கில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மங்கவைக்கும், அதுவும் மலிவான டிஸ்க் என்றால் சீக்கிரமே. யன்னலோர அலுமாரிக்கு மேல் வைத்த டிஸ்க்குகள் சில வருடத்தில் படிக்க முடியாமல் போனதைக் கண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கிழமையே டிவிடி டிரைவ் உள்ள கணினியில் அதைப் போடுங்கள். உள்ளே ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறை இருக்கும், அதில் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேற்படாத துண்டுகளாகப் படம் இருக்கும். அந்தக் கோப்புறையை அப்படியே கணினிக்குக் கொப்பி பண்ணி, விஎல்சி பிளேயரில் தொடக்கம் முதல் கடைசி வரை ஓட்டிப் பார்த்து, இன்னொரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். கணினியில் நன்றாக ஓடினால் அதுவும் உங்கள் தாளில் ஒரு வரி: ‘இதே டிஸ்க் வேறு கருவியில் ஓடுகிறது’. கணினியும் திணறினால் வீடியோக்காரரிடம் உடனே கேளுங்கள். பலர் மூலப் பிரதியைச் சில காலம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்கள். கடையில் சோதிக்கக் கொடுப்பது எப்போதும் பிரதியாகவே இருக்கட்டும்.

மூடியைத் திறக்க வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு. புதுச் செட்டின் பின்பக்கம் ஒரு ஆணிக்கு மேலே, அல்லது மூடியும் உடலும் சேரும் இடத்தில், சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அது கிழிந்தால் சேவை நிலையத்துக்கு வேறு காரணமே தேவையில்லை. நம்மூர் ஈரத்தில் அது தானாகவே ஓரம் கிளம்புவதும் உண்டு. அதனால் ஸ்டிக்கரையும், பின்பக்கத் தொடரிலக்கத்தையும், ஆணிகளின் தலையையும் இன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஸ்குரூ டிரைவர் படாத ஆணித் தலையில் பூச்சு அப்படியே இருக்கும். அந்தப் படம் உங்களுக்குச் சாட்சி. மற்றக் காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. மின்வழங்கியில் மின்னைச் சேமித்துவைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 230 வோல்ட் கரண்ட் நேரோட்டமாக (டிசி) மாறி 325 வோல்ட் வரை ஏறி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

தூரிகை ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர்’ டிஸ்க்கையும் வாங்க வேண்டாம். அந்த லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது. சுழலும் தூரிகை அதை அடித்துவிட்டால் உள்ள பழுதோடு புதுப் பழுதும் சேரும்.

இனி வாரண்டி அட்டை. அதை மேசையில் விரித்து முழுவதும் வாசியுங்கள். அட்டையில் கடையின் முத்திரை, விற்ற திகதி, தொடரிலக்கம் மூன்றும் இருக்கிறதா? தொடரிலக்கம் பெட்டியின் பின்னால் உள்ளதோடு பொருந்துகிறதா? முத்திரை இல்லாவிட்டால் பற்றுச்சீட்டோடு போய் இப்போதே போடச் சொல்லுங்கள். வாரண்டி தருவது யார் என்பதும் முக்கியம். இறக்குமதி செய்த முகவர் தருகிறாரா, கடை மட்டும் தருகிறதா? முகவர் வாரண்டி என்றால் இலங்கையில் அவர்களின் எந்தச் சேவை நிலையத்திலும் நீங்களே நேரே கொடுக்கலாம். சில அட்டைகளில் ‘லேசர் ஹெட் 6 மாதம்’ என்று தனியாகப் பொடி எழுத்தில் இருக்கும். உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆகவே அந்த எழுத்து உங்களுக்குச் சாதகம். மின்னல், மின்னழுத்த ஏற்றம், தண்ணீர், பூச்சி ஆகியவற்றை அநேகமாக எல்லா அட்டையும் விலக்கும். ‘தூசி’ என்று அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சில் இல்லாத காரணத்தை வாயால் சேர்க்க முடியாது. தவணைக்கு வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பழுதுக் கதை மறைந்து, பாக்கிக் கதை முன்னுக்கு வந்துவிடும்.

கொடுக்கும்போது ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்கக் கூடாது. அதில் பழுது உங்கள் சொற்களில் எழுதப்பட வேண்டும். ‘டிவிடி வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் போதாது. ‘விசிடி, யூஎஸ்பி ஓடுகின்றன. அச்சிட்ட ஒரிஜினல் டிவிடியும் ‘நோ டிஸ்க்’ காட்டுகிறது’ என்று எழுதச் சொல்லுங்கள். தொடரிலக்கம், ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறது என்ற குறிப்பு, ரிமோட் கொடுத்தீர்களா இல்லையா, திருப்பித் தரும் திகதி, ‘வாரண்டிக்குள் ஏற்கப்பட்டது’ என்ற ஒரு வரி. காசு கேட்பதென்றால் முன்கூட்டியே தொகையையும் காரணத்தையும் சொல்லி உங்கள் சம்மதம் பெற்ற பிறகே வேலை தொடங்கவேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சோதனைத் தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றதில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்குங்கள். தட்டில் டிஸ்க் இல்லை என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். கொழும்புக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கிப்போகிற பெட்டிக்குள் டிஸ்க் கழன்றால் ஹெட்டையே உடைக்கும். வாங்கியபோது வந்த தெர்மோகோலும் அட்டைப்பெட்டியும் இருந்தால் அதிலேயே வையுங்கள்.

அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். அட்டையில் உங்கள் தலையில் போட்டிருந்தால் ஒழிய, கடையே பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் காசு கொடுத்தது கடைக்கு, பற்றுச்சீட்டு தந்ததும் கடை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது, அதன்படி விற்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்கவேண்டிய கடப்பாடு விற்றவர்மேல்தான் வருகிறது. “கம்பனியோடு கதையுங்கள்” என்று கடை கையை விரிக்கும்போது இதை நிதானமாகச் சொல்லலாம். இரண்டு மாதத்தில் டிவிடி ஓட்டாத டிவிடி பிளேயரைத் திருத்துவதைவிட மாற்றித் தரும்படி கேட்பதிலும் தவறில்லை. முதலில் அதையே கேளுங்கள்.

இந்த இடத்தில் நாள் கணக்கு முக்கியம், தங்கச்சி, இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்பது பற்றி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் அதிகாரசபையிடம் கொடுக்கவேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. “அடுத்த கிழமை வாருங்கள்”, “கொழும்பிலிருந்து பதில் வரவில்லை” என்று அன்பாகவே சொல்லிச் சொல்லி மிச்ச நாளும் ஓடிவிடும். அவர் வேண்டுமென்று செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, நாள் அதற்காக நிற்காது என்றுதான் சொல்கிறேன். ஆகவே ஒரு கிழமைக்குள் எழுத்தில் பதில் தரும்படி கடைக்குக் கடிதம் கொடுங்கள். வராவிட்டால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேளுங்கள், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலும் விசாரியுங்கள். கடைக்கானாலும் அதிகாரசபைக்கானாலும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபாற்கந்தோர் தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் தமிழில் இருந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். வாங்கிய திகதி, கொடுத்த தொகை, தொடரிலக்கம், பழுது என்ன, கடை என்ன சொன்னது, நீங்கள் கேட்பது என்ன (திருத்தமா, மாற்றா, காசா) இவ்வளவும் வந்தால் போதும். பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை, சோதனைத் தாள் மூன்றின் பிரதியும் இணையுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் கடிதம் கடையின் கையில் கிடைத்த உடனேயே குரல் மாறிவிடும்.

இனி மூதூர்ச் செட். இது அத்தானுக்கு. வாரண்டி முடிந்த பெட்டி, திறக்கலாம். ஆனால் பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு, அதற்குப் பிறகும் பெரிய கப்பாசிட்டரின் கால்களைத் தொடாமல். விளக்கு மின்னுவதும் தட்டு வராததும் சேர்ந்திருந்தால் அநேகமாக மின்வழங்கிதான். சின்ன டிரான்ஸ்போமருக்கு மறுபக்கம், 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வெளியே போகும் இடத்தில், உருளை வடிவக் கப்பாசிட்டர்கள் சில நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். ஒன்று உப்பி, குறுக்குக் கோட்டில் வெடித்து, பழுப்பாகக் கசிந்திருந்தால் கள்ளன் அவன்தான். அதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபராட் அளவிலேயே, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேல், 105 பாகை செல்சியஸ் என்று அச்சிட்டதாக வாங்கிப் போடுங்கள். பாகம் மிக மலிவு. நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிப் போட்டால் வெடிக்கும், போர்டில் உள்ள அடையாளத்தைப் பார்த்துப் போடுங்கள்.

கப்பாசிட்டர்கள் நலமாக இருந்து, தட்டு பொத்தானை அழுத்தும்போது உள்ளே ‘ர்ர்’ என்று மோட்டர் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தால், தட்டின் கீழுள்ள ரப்பர் பட்டி நெகிழ்ந்துவிட்டது. நம் வெப்பத்தில் அது சில செட்டுகளில் களிம்புபோல உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். சுரண்டிக் கப்பியை அல்ககோலால் துடைத்துவிட்டு, அதே சுற்றளவில் புதுப்பட்டி போடவேண்டும். வீட்டு ரப்பர் பாண்ட் சில நாள் இழுக்கும், பிறகு அதுவும் தளரும்.

அதுவும் சரியாகி, டிஸ்க் மட்டும் படிக்காவிட்டால் ஹெட்டின் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். சொனியின் கேஎச்எம் 313, சன்யோவின் எஸ்எஃப் எச்டி 62 ஆகியவை நிறையப் பிளேயர்களில் வரும், அந்த எண்ணைச் சொன்னால் கடைக்காரருக்கு விளங்கும். புது ஹெட் வாங்குபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது: நிலைமின்னால் லேசர் எரியாமலிருக்கப் புது ஹெட்டில் ஒரு சொட்டு ஈயம் வைத்து இரண்டு புள்ளிகளை இணைத்திருப்பார்கள். ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்த ஈயத்தை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் புது ஹெட்டும் ‘நோ டிஸ்க்’ என்றே சொல்லும். ஹெட்டில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி லேசரின் சக்தியைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அதை நான் செய்வதில்லை. டிஸ்க் கொஞ்ச நாள் ஓடும், லேசர் அதன் பிறகு சீக்கிரமே செத்துப்போகும். எது செய்தாலும் கரண்ட் இருக்கும்போது லென்ஸுக்கு நேரே கண்ணை வைக்க வேண்டாம், பிள்ளைகளையும் பக்கத்தில் விடவேண்டாம்.

புதுச் செட் திருத்தி வந்துவிட்டது என்று கடையிலிருந்து அழைத்தால், அதே டிஸ்க்குகளையும் சோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் டிவி இருக்கும், அங்கேயே போடச் சொல்லுங்கள். இரட்டை அடுக்கு டிஸ்க்கை வேகமாக ஓட்டி நடுப்பகுதியைத் தாண்டவையுங்கள், கடைசிக் காட்சிக்கும் போய்ப் பாருங்கள், பிறகு சாமத்திய வீட்டு டிஸ்க்கின் பிரதியைப் போடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினார்கள், அந்தப் பாகத்துக்கு எத்தனை மாதப் பொறுப்பு, கடையில் கிடந்த நாள் வாரண்டியில் சேர்க்கப்படுமா என்ற மூன்றையும் ரசீதின் பின்புறத்தில் எழுதி முத்திரை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.